காண்டலும் திரிபும்: இத்தாலிய ஜாலோப் படங்களும் தமிழ்த் திரையும்

உண்மையை அறிதற்குரிய கருவிகளை அளவைகள் என்று நம் முன்னோர் வழங்கினர். அவை எத்தனை என்பதில் நூலாசிரியரிடையே வேறுபாடு உண்டு. மணிமேகலையிற் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதை பத்து அளவைகளைப் பேசும். சிவஞான சித்தியார் பிறர் கூறிய அளவைகளையெல்லாம் எடுத்துரைத்து, அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என முடிக்கும். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காண்டல். புகை கண்டவிடத்து நெருப்பு உண்டெனத் துணிவது கருதல். நம்பத்தக்கார் சொல்ல அறிவது உரை. ஏனை இரண்டுக்கும் அடிப்படையாய் நிற்பது காண்டலே. எனினும் அதுவும் ஐயத்தாலும் திரிபாலும் கெடும். மாலை மயக்கத்திலே தூரத்தில் நிற்பது கட்டையோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். கிடப்பது கயிறாகவும் அதனைப் பாம்பென்றே துணிந்து ஓடுவது திரிபு.

வகுப்பறையிற் கயிற்றையும் பாம்பையும் கொண்டு விளக்கப்படும் இப்பொருளைக் கொலைக்கதையாக்கிப் படமாளிகைகளிற் பணம் ஈட்டியோர் இத்தாலிய நாட்டினர். 1963 ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழ இரண்டு பத்தாண்டுகள் அங்கு செழித்திருந்த ஒருவகைத் திகிற்படங்களுக்கு ஜாலோ என்பது பெயர். குருதியும் கூச்சலும் நிறைந்த அப்படங்களைக் கற்றோர் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தாமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன என்பதும் மறைத்தற்கில்லை. ஆயினும், கண்ணாற் கண்ட சாட்சியே பிழைபடக் கண்டிருந்தால் உண்மை எங்ஙனம் வெளிப்படும் என்னும் வினாவை அவை விடாது எழுப்பின. அவ்வகைப் படங்களுள் ஒன்று தமிழுக்கும் வந்து சேர்ந்தது. அது வந்த வகையும் வந்தவிடத்து மாறிய வகையும் ஆராயத்தக்கன.

ஜாலோ என்னும் இத்தாலியச் சொல்லுக்கு மஞ்சள் என்பது பொருள். மிலான் நகரத்து மொண்டடோரிப் பதிப்பகத்தார் 1929 இல் துப்பறியும் நவீனங்களை வரிசையாக வெளியிடத் தொடங்கி, அவற்றுக்கெல்லாம் மஞ்சள் மேலட்டை இட்டனர். முதல் நூல் அமெரிக்க எழுத்தாளர் வான் டைனின் பென்சன் கொலை வழக்கு என்னும் நவீனத்தின் மொழிபெயர்ப்பு. எட்கார் வாலஸ், அகதா கிறிஸ்ரி முதலியோர் நூல்களும் தொடர்ந்து வெளிவந்தன. நாளடைவில் அட்டையின் நிறமே உள்ளிருக்கும் கதைக்குப் பெயராகி, துப்பறியும் கதை எதனையும் இத்தாலியர் மஞ்சள் என்றே சொல்வாராயினர். முசோலினியின் ஆட்சி இக்கதைகளை விரும்பவில்லை. 1941 இல் அவ்வரிசை நின்று, போருக்குப் பின்னரே மீண்டும் தொடங்கியது. இத்தாலியச் சூழலுக்கேற்பத் துப்பறியும் கதைகளை எழுதிய அகுஸ்தோ தே ஆஞ்செலிஸ் என்பார் 1943 இற் சிறைப்பட்டு, விடுதலையான பின் பாசிஸ்டு ஒருவனால் தாக்குண்டு 1944 இல் இறந்தார். தன் நாட்டிற் குற்றமே நிகழ்வதில்லை என்று காட்ட விரும்பும் அரசுக்குக் குற்றக் கதையும் குற்றமாகவே தோன்றும் போலும்.

தமிழர்க்கு மஞ்சள் மங்கல நிறம். அதே சொல் பத்திரிகையோடு சேருமிடத்து இழிவுப் பொருள் தரும். 1944 நவம்பரிற் சென்னையிற் குத்துண்டு இறந்த இலட்சுமிகாந்தன் நடத்திய ஏடுகளை மஞ்சட் பத்திரிகைகள் என்றே மக்கள் அழைத்தனர். அக்கொலை வழக்கிலே தியாகராச பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று 1947 இல் விடுதலையாயினர். இத்தாலியரின் மஞ்சளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இத்தாலியர் ஜாலோ என்று நூலையும் படத்தையும் ஒருங்கே குறிப்பர். பிற நாட்டார் அந்நாட்டுத் திகிற்படங்களை மாத்திரம் குறிப்பர். ஈண்டு இப்பின்னைய பொருளே கொள்ளப்படுகிறது.

பழைய துப்பறியும் நவீனம் கருதலளவையின் பிள்ளை. சேற்றிற் பதிந்த அடி, சாம்பற் கிண்ணத்திற் கிடந்த சுருட்டு, பூட்டிய கதவு ஆகியவற்றிலிருந்து துப்பறிவோன் கொலைஞனை நோக்கிப் படிப்படியாகச் செல்வான். ஜே. ஆர். ரங்கராஜு 1908 இல் எழுதிய இராஜாம்பாளில் வரும் துப்பறியும் கோவிந்தனும், தேநீர் அருந்தியவாறு சிந்திக்கும் தமிழ்வாணனின் சங்கர்லாலும் இக்குலத்தவரே. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் 1950 இல் மொடேர்ண் தியேட்டர்சாரால் திரைப்படமானபோது எம். என். நம்பியார் பல வேடம் பூண்டு நடித்துப் புகழ்பெற்றார். இவ்வகைக் கதைகளில் வாசகன் கலங்கினும் துப்பறிவோன் கலங்கான். அவன் கண் பிழைபடுவதில்லை.

உரையளவையைச் சோதித்த தமிழ்ப்படம் 1954 இல் ஏ. வி. எம். நிறுவனத்தார் வெளியிட்ட அந்த நாள். அதனை இயக்கியவர் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர். இசையறிஞர் ஒருவர் பாட்டு ஒன்றேனும் இல்லாத படம் எடுத்தது அக்காலத்துக்குப் பெருந்துணிவு. 1943 அக்டோபரில் யப்பானியர் சென்னையிற் குண்டு வீசிய வேளையிலே வானொலிப் பொறியியலாளன் ஒருவன் சுடப்பட்டு இறக்கிறான். சிவாஜி கணேசன் அப்பாத்திரத்தில் நடித்தார். படம் தொடங்கியதும் கதாநாயகன் பிணமாக வீழ்வதைக் கண்டு கொட்டகையிலிருந்தோர் திகைத்திருப்பர். பின்னர் அயலவர், தம்பி, தம்பி மனைவி, காதற்கிழத்தி, மனைவி என்போர் தத்தம் கூற்றை உரைக்க, ஒவ்வொரு கூற்றிலும் வேறு வேறு மனிதன் வெளிப்படுகிறான். யப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ரஷோமோன் 1950 இற் காட்டிய நெறி இது. உரைத்தவருட் பொய்யர் யார் என்பதே இங்கு வினா.

உரையை ஆராயாது கொண்டதனால் விளைந்த கேட்டைச் சிலப்பதிகாரம் முன்னரே காட்டியது. பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான். கண்ணகி சிலம்பை உடைத்தபோது முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்தது. காண்டல் உரையை வென்றது. கண்ட பின் பாண்டியனுக்கு ஐயம் எழவில்லை, உயிரும் நிற்கவில்லை. நம் காவிய உலகிற் கண் இறுதிச் சான்றாகும். ஜாலோ உலகில் அச்சான்றும் ஆட்டங்காணும்.

முதல் ஜாலோப் படம் எனப் பெரும்பாலோர் கொள்வது மாரியோ பாவா 1963 இல் இயக்கிய 'அளவுக்கு மீறி அறிந்த பெண்'. ஹிச்கொக்கின் படமொன்றின் பெயரைத் திரித்து இட்ட பெயர் இது. உரோமாபுரிக்கு வரும் அமெரிக்க மங்கை விமானத்திலேயே மஞ்சள் அட்டை நவீனமொன்றை வாசித்துக்கொண்டிருக்கிறாள். அன்றிரவு படிக்கட்டொன்றின் அருகே அவள் ஒரு கொலையைக் காண்கிறாள். காலையிற் பிணமும் இல்லை, குருதியும் இல்லை, நம்புவாரும் இல்லை. படித்த கதை கண்ணிற் படிந்ததோ என்ற ஐயம் அவளுக்கே உண்டாகிறது. அடுத்த ஆண்டில் வெளிவந்த 'கொலைஞனுக்கு ஆறு பெண்கள்' என்னும் படத்திலே பாவா வண்ணத்தைக் கைக்கொண்டார். ஆடையலங்கார நிலையத்து அழகியர் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். கொலைஞனுக்கு முகமே இல்லை. வெறுந்துணி போன்ற முகமூடி, தொப்பி, நீண்ட மேலங்கி, கறுத்தக் கையுறை ஆகியவையே அவன். சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்கொளி சுவரிற் படர்கிறது. பாவா ஒளிப்பதிவாளராயிருந்து இயக்குநரானவர் என்பதை ஒவ்வொரு காட்சியும் சொல்லும். கறுத்தக் கையுறை அன்று தொட்டு இவ்வகைப் படங்களின் இலச்சினையாயிற்று.

இம்மரபை உலகறியச் செய்தவர் தாரியோ ஆர்ஜெந்தோ. 1970 இல் வெளிவந்த அவருடைய முதற்படம் 'பளிங்கு இறகுப் பறவை'. உரோமாபுரியில் தங்கியிருக்கும் அமெரிக்க எழுத்தாளன் ஒருவன் இரவிலே தெருவழியே செல்கையில், ஓவியக்கூடமொன்றின் கண்ணாடிச் சுவரினூடாக ஓர் ஆணும் பெண்ணும் கத்தியோடு போராடுவதைக் காண்கிறான். ஆண் கரிய மேலங்கி அணிந்தவன். பெண் வெண்ணிற ஆடையினள். காப்பாற்ற ஓடியவன் இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கிடையே அகப்பட்டு, உள்ளே செல்லவும் வெளியே வரவும் இயலாமற் குத்துண்டு கிடப்பவளைப் பார்த்தபடியே நிற்கிறான். தான் கண்டதில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று அவன் மனம் படம் முழுவதும் அரற்றுகிறது. அக்காட்சி மீண்டும் மீண்டும் நினைவில் ஓடுகிறது. ஈற்றிலே தெரிகிறது: கத்தி இருந்தது பெண்ணின் கையில். ஆண் அவளைத் தடுக்க முயன்றவன். கரியவன் கொல்வான், வெளியவள் இறப்பாள் என்று முன்பே மனத்திற் படிந்திருந்த எண்ணம் கண்ணை ஆண்டுவிட்டது.

இஃது ஐயமன்று, திரிபு. ஐயமாயின் அவன் ஆராய்ந்திருப்பான். துணிந்துவிட்டமையாலேதான் பிழை நெடுநாள் நிலைத்தது. அளவை நூலார் இரண்டையும் வேறாக வைத்ததன் நுட்பத்தை இப்படத்தைக் காட்டியும் மாணவர்க்கு விளக்கலாம்.

ஐந்தாண்டு கழித்து 'ஆழ்ந்த சிவப்பு' என்னும் படத்தில் ஆர்ஜெந்தோ இன்னும் ஒரு படி மேற்சென்றார். பியானோக் கலைஞன் ஒருவன் கொலை நடந்த வீட்டினுள் ஓடுகிறான். ஓவியங்கள் மாட்டிய நடைபாதையைக் கடக்கிறான். பின்னர் அங்கிருந்த ஓவியமொன்று மறைந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றுகிறது. உண்மையில் அவன் கண்டது ஓவியமன்று. அது கண்ணாடி, அதிலே தெரிந்தது அங்கே பதுங்கி நின்ற கொலையாளியின் முகம். இங்கு வியக்கத்தக்கது யாதெனில், படக்கருவி அவ்வழியே செல்லும்போது அம்முகம் திரையிலும் ஒரு கணம் தோன்றி மறைகிறது. படத்தின் தொடக்கத்திலேயே கொலையாளியைக் கொட்டகையிலுள்ள அனைவரும் கண்டுவிட்டனர். கண்டும் கண்டிலர். கதாநாயகனை நோக்கி நகைத்தவன் தன்னையே நோக்கி நகைக்க நேரிடும். துப்பறியும் நவீனம் வாசகனிடம் தடயத்தை மறைக்கும்; ஆர்ஜெந்தோ தடயத்தைக் கண்முன் நிறுத்திக் கண்ணையே மறைத்தார்.

இப்படங்களின் குறையும் சிறிதன்று. கொலையுண்போருட் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்கள் இறப்பதை அழகுபடுத்திக் காட்டுவதிலே இயக்குநர்கள் போட்டியிட்டனர். படக்கருவி கொலைஞனின் கண்ணாக மாறிக் கையுறையணிந்த கைகளை மாத்திரம் காட்டும்போது, பார்வையாளன் கொல்பவனுடைய இடத்திலேயே நிறுத்தப்படுகிறான். காண்டல் பற்றிய நுண்ணிய வினா இதனாற் பலவிடத்தும் மங்கிப்போகிறது. எழுபதுகளில் அங்கு ஆண்டுதோறும் குவிந்த படங்களுட் பெரும்பாலானவற்றில் அவ்வினாவே இல்லை. கையுறையும் கத்தியும் மாத்திரம் எஞ்சின. அவற்றைப் பற்றி இங்கு பேசவேண்டுவதில்லை.

தமிழுக்கு வருவோம். ஏ. வி. எம். நிறுவனத்தாரின் அதே கண்கள் 1967 இல் வண்ணத்தில் வெளிவந்தது. இயக்குநர் ஏ. சி. திருலோகசந்தர். பெருங்குடும்பம் ஒன்றில் உள்ளோரை முகமூடியணிந்த ஒருவன் ஒவ்வொருவராகக் கொல்ல முயல்கிறான். அவனுடைய கண்கள் மாத்திரமே புலப்படுகின்றன. பாவாவின் முகமற்ற கொலைஞன் தோன்றி மூன்றாண்டே ஆகியிருந்தது. எனினும் இதனை ஜாலோவின் வழித்தோன்றலாகக் கொள்ளுதல் பொருந்தாது. இரண்டு நாட்டாரும் ஹிச்கொக்கையும் மேனாட்டுத் துப்பறியும் நவீனத்தையும் கற்றவர்கள். ஒரே பள்ளி மாணாக்கர் இருவர் ஒரே விடை எழுதுவது போன்றதே இவ்வொற்றுமை. அன்றியும், அதே கண்களிலே பார்ப்பவன் கண் பிழைபடவில்லை. அது கருதலளவைக் கதையே. பாட்டும் நகைச்சுவையும் இடையிடையே வந்து அச்சத்தைத் தணித்தன.

பாரதிராஜாவின் சிகப்பு ரோஜாக்கள் 1978 இலும், பாலு மகேந்திராவின் மூடுபனி 1980 இலும் வெளிவந்தன. முன்னையதிற் கமலகாசன் கறுத்தக் கையுறை அணிந்த கொலைஞன். கொன்ற பெண்களைப் புதைத்த இடத்திலே ரோஜாச் செடிகள் பூக்கின்றன. பின்னையதை இயக்கியவர் மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்தவர். ஆதலால் ஈழத்தவர் அப்படத்தைத் தம்மவர் படைப்பென்று போற்றுதல் இயல்பு. கொலைகளைக் காட்டுவதிலே பாலு மகேந்திரா காத்த அடக்கமும், மலைநாட்டின் பனியையும் இயற்கை ஒளியையும் அச்சத்துக்குத் துணையாக்கிய திறமும் இத்தாலியரிடத்தும் அரியன. ஆயினும் இவ்விரு படங்களிலும் யார் கொலைஞன் என்பது தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடும். அவன் ஏன் கொல்கிறான் என்பதே அவற்றின் வினா. விடையோ இரண்டிலும் இளமையிற் பெண்ணொருத்தியாற் பட்ட துயரம் என்று அமைகிறது. சிகப்பு ரோஜாக்கள் இவ்விடையைப் பார்ப்பவர் ஒப்புக்கொள்ளும் வகையில் அழுத்திச் சொல்வது விரும்பத்தக்கதன்று. கொலையுண்டவள்மீதே பழியின் ஒரு பங்கு சாய்ந்துவிடுகிறது. இத்தாலியப் படங்களிடத்துக் கண்ட குறை நம்மவரிடத்து நியாயமும் கற்பிக்கப்பட்டு நிற்கிறது எனல் வேண்டும்.

உண்மையான ஜாலோ ஒன்று தமிழாய் வந்தது 1984 இல். மணிவண்ணன் இயக்கிய நூறாவது நாள் என்னும் அப்படத்தின் கதைக்கு மூலம், லூச்சியோ பூல்ச்சி 1977 இல் இயக்கிய 'கருமையில் ஏழு சுரங்கள்' என்பது. கீரிமலைக் கேணியில் நீராடுவோர் அந்நீர் எவ்வூரிற் பெய்த மழை என்று அறியார். குடாநாட்டுச் சுண்ணக்கற் பாறைகளினூடு நிலத்தின்கீழ்ச் சென்று, உவர்க்கடலுக்கு அண்மையிலே நன்னீராக அது மேலெழுகிறது. கதைகள் கடல் கடப்பதும் பெரும்பாலும் இவ்வாறே. ஊற்றுக்கண்ணைப் பெயர் சொல்லிக் குறிக்கும் வழக்கம் திரையுலகில் அருகியே காணப்படும். இத்தாலியரும் இதில் நம்மவரினும் சிறந்தாரல்லர். பளிங்கு இறகுப் பறவையின் கதை பிரெட்றிக் பிரவுன் என்னும் அமெரிக்கர் 1949 இல் எழுதிய நவீனமொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. படத்தில் அவர் பெயர் இடம்பெறவில்லை. முதனூல், வழிநூல், சார்புநூல் என வகுத்து, நூலின் வழியைப் பாயிரத்திற் கூறவேண்டும் என்று விதித்த இலக்கண மரபினர் இதனை ஒப்பார். ஆனால் வழிநூல் என்பதற்கும் அம்மரபு ஓர் இடம் தந்தது. முன்னோன் முடிபைத் தழுவியும் பின்னோன் தான் வேண்டிய வேறுபாடுகளைச் செய்யலாம். மணிவண்ணன் செய்த வேறுபாடுகளே ஈண்டு நோக்கற்பாலன.

முதலில் மூலக்கதை. நடப்பதை நேரிற் காணாமலே காணும் ஆற்றல் வாய்ந்த மங்கை ஒருத்திக்குக் கார் ஓட்டிச் செல்லும் வேளையிலே ஒரு தோற்றம் எழுகிறது. உடைந்த நிலைக்கண்ணாடி, சஞ்சிகை அட்டையிலுள்ள ஒரு முகம், கொலையுண்டு கிடக்கும் மூதாட்டி, நொண்டி நடக்கும் ஒருவன், செங்கல் அடுக்கி மூடப்படும் சுவர் ஆகியவை துண்டு துண்டாகத் தோன்றுகின்றன. கணவனுடைய பழைய மாளிகையைத் திருத்தச் சென்றவள், தோற்றத்திற் கண்ட அறையை அங்கே காண்கிறாள். சுவரை இடிக்க, உள்ளே எலும்புக்கூடு. ஆனால் அது மூதாட்டியினதன்று; இளம்பெண்ணினது. கணவன் சிறைப்படுகிறான். அவன் குற்றமற்றவன் என்று நிலைநாட்டத் தன் தோற்றத்தின் ஒவ்வொரு துண்டையும் அவள் ஆராயத் தொடங்குகிறாள். அப்போதுதான் தெரிகிறது: சஞ்சிகை அண்மையில் அச்சானது. மூதாட்டி இன்னும் உயிரோடிருக்கிறாள். தான் கண்டவை நடந்தவை அல்ல, இனி நடக்கவிருப்பவை. சுவருள் வைத்து மூடப்படுபவள் தானே.

சித்தியார் காண்டலை நால்வகைப்படுத்துமிடத்து யோகக்காட்சி என ஒன்று கூறும். இருந்தவிடத்திலிருந்தே காலத்தையும் இடத்தையும் கடந்து அறிவது அது. இம்மங்கை யோகியல்லள். ஆயினும் அவள் கண்டதில் எள்ளளவும் பிழையில்லை. பிழை நேர்ந்தது காலத்தை வைத்துப் பொருள்கொண்டவிடத்து. எதிர்காலத்தை இறந்தகாலமாகக் கொண்டாள். வினைமுற்றின் இடைநிலையை மாற்றிப் படித்த மாணவி போல, கொல்லப்படுவாள் என்பதைக் கொல்லப்பட்டாள் என்று வாசித்தாள். ஆர்ஜெந்தோவின் எழுத்தாளன் பொருளைத் திரித்துக் கண்டான். பூல்ச்சியின் நாயகி பொருளைச் சரியாகக் கண்டு காலத்தைத் திரித்தாள். கொலைக்கதை வரலாற்றில் இதனினும் நுட்பமான திரிபு காண்பது அரிது. ஈற்றிற் சுவரினுள்ளிருந்து அவள் கைக்கடிகாரம் ஒலிக்கும் ஏழு சுரங்களே அவள் இருப்பிடத்தை அறிவிக்கின்றன. காண்டல் தோற்றவிடத்துச் செவி துணைசெய்கிறது.

மணிவண்ணன் செய்த முதல் வேறுபாடு உறவு. இத்தாலியப் படத்திற் சுவருள் இருந்தவள் நாயகிக்கு முன்பின் அறியாதவள். தமிழிலோ அவளுடைய தமக்கை. அந்நியப் பெண்ணொருத்தியின் எலும்பைக் கொண்டு தமிழ்ப் பார்வையாளரை இரண்டரை மணி நேரம் இருத்த இயலாது என அவர் எண்ணினார் போலும். இதனால் துப்பறிதல் உடன்பிறந்தாளுக்குச் செய்யும் கடனாக மாறுகிறது. நளினி நடித்த நாயகியின் அச்சத்தோடு துயரமும் சேர்கிறது. மூலத்திலுள்ள புதிர்த்தன்மை ஓரளவு குறையவும் செய்கிறது.

இரண்டாவது வேறுபாடு இன்னும் நுட்பமானது; அது கதையில் இல்லை, நடிகர் தேர்விலே உள்ளது. தலையை மழித்து, வட்டக் கறுப்புக் கண்ணாடியும் சிவப்பு மேலங்கியும் அணிந்து சத்தியராஜ் தோன்றியதும் கொட்டகை முழுவதும் கொலைகாரனைக் கண்டுகொண்டது. விஜயகாந்த் துணைநின்று காப்பவர். கணவனாக வந்தவர் மோகன். பயணங்கள் முடிவதில்லை முதலிய படங்களிலே ஒலிவாங்கியின் முன் நின்று பாடி, நோயால் வாடி, காதலுக்காக உருகிய மென்மையான இளைஞர் அவர். அவரைப் பார்த்த எவருக்கும் ஐயம் எழுவதில்லை. அவரே கொலைஞன்! இத்தாலியப் பார்வையாளனுக்கு அந்நாயகியின் கணவனாக நடித்தவரிடம் இத்தகைய பற்று இருந்ததில்லை. தமிழ் மக்கள் நடிகரைப் பாத்திரத்தின் வேறாகக் காண்பதில்லை என்று ஆசிரியர்கள் வகுப்பிற் குறைகூறுவதுண்டு. அக்குறையையே மணிவண்ணன் கருவியாக்கினார். ஆர்ஜெந்தோ கண்ணாடியில் முகத்தைக் காட்டி மறைத்தார். மணிவண்ணன் முகத்தை முழுநேரமும் காட்டியே மறைத்தார். கரிய மேலங்கியைக் கண்டு ஏமாந்த அமெரிக்க எழுத்தாளனின் நிலையே மழித்த தலையைக் கண்டு ஏமாந்த சனங்களின் நிலையும். கயிற்றைப் பாம்பென்றதோடு அமையாது, பாம்பையும் கயிறென்று கையிற் பிடித்திருந்தனர்.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோக் கருவியையும் வாடகைக்குப் பெற்று, முற்றத்திற் பாய் விரித்து, விடியும்வரை மூன்று படம் ஓட்டுவது வழக்கமாயிருந்தது. திகிற்படமாயின் அதனை நடுச்சாமத்துக்கு வைப்பர். நூறாவது நாள் போன்ற படங்களைப் பலர் அறிந்தது அவ்வகையிலேதான். பின்னர் அக்கதை 1991 இல் நூறு நாட்கள் என்னும் பொருள்படும் பெயரோடு இந்தி மொழிக்கும் சென்றது. மிலானிலும் உரோமாபுரியிலும் ஊறிய நீர் பம்பாயிலும் ஊற்றெடுத்தது.

இசை பற்றி ஒரு சொல். ஜாலோப் படங்களுக்கு என்னியோ மொறிக்கோனே தாலாட்டுப் போன்ற மென்குரலை அமைத்து அதனையே அச்சுறுத்துவதாக மாற்றினார். ஆழ்ந்த சிவப்பிலே கொலைக்கு முன் குழந்தைப் பாட்டொன்று ஒலிக்கும். தமிழில் இத்துறை முழுவதும் ஒருவர் கையிலேயே இருந்தது எனலாம். சிகப்பு ரோஜாக்கள், மூடுபனி, நூறாவது நாள் ஆகிய மூன்றுக்கும் இசையமைத்தவர் இளையராஜா. மூடுபனி அவருடைய நூறாவது படம். அந்த நாளிற் பாட்டை முற்றாக விலக்கிய பாலசந்தரின் வழியை இவர்கள் பின்பற்றவில்லை. பாட்டுக்கு நேரும் இடையூறு கதைக்கு நேரும் இடையூறாக இருப்பினும், பின்னணி இசையில் அக்கடன் தீர்க்கப்பட்டுவிடுகிறது.

கண்ணை ஐயுற்ற மரபு ஈற்றிற் கண்ணில்லாதவனிடம் செல்வது இயல்பே. ஆர்ஜெந்தோவின் 'ஒன்பது வாற் பூனை' 1971 இலேயே அவ்வழி சென்றது. பார்வையற்ற முதியவர் ஒருவர் தெருவோரம் நின்ற காரில் இருவர் பேசியதைச் செவியாற் கேட்கிறார். உடன் செல்லும் சிறுமி காரில் இருப்பவரைக் கண்டு அவருக்குச் சொல்லுகிறாள். அவளுக்குக் காண்டல், அவருக்கு உரை. தமிழில் 2020 இல் மிஷ்கின் இயக்கிய சைக்கோவின் நாயகனும் பார்வையற்றவன். அதன் கதைக்கு மிஷ்கின் தாம் வித்தாகக் கொண்டதாகச் சொன்னது புத்தசமயத்து அங்குலிமாலன் வரலாறு. ஊற்றுக்கண்ணைச் சொன்னமையாற் பாயிர இலக்கணம் பிழையாதவர் அவர். இசை மீண்டும் இளையராஜா. பெண்களைக் கொன்று தலையற்ற உடலைப் பொதுவிடத்தில் வைக்கும் அக்கொலைஞனை அரசின் காவற்படை கண்டுபிடிக்க முடியாதிருக்க, பார்வையற்ற நாயகன் கைகால் இயங்காத முன்னாட் காவல் அதிகாரி ஒருத்தியின் துணையை நாடுகிறான். சாங்கியர் கூறும் குருடனும் முடவனும் கூடி வழிநடந்த உவமை இங்கே உருவெடுத்து வருகிறது. ஓரிடத்திலே நாயகன் காரை ஓட்ட, அருகிலிருந்து அவள் இடம் வலம் என்று வழி சொல்லுகிறாள். நடக்கக்கூடிய செயலன்று என்று அறிவு மறுக்கும். அவள் சொல்லை நம்பி அவன் சக்கரத்தைத் திருப்பும்போது கொட்டகையில் எவரும் மறுப்பதில்லை.